சந்தனம் பூசிய லினக்ஸ்

நல்லது செய்யக் கிளம்பியவனைத் தடுத்து நிறுத்த ஊரில் ஒரு சட்டமும் கிடையாது. இருந்திருந்தால், அந்த வருஷம் சரஸ்வதி பூஜையன்றே சாய்குமாரைப் பிடித்து ஒரு மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். அவன் மனைவி நாகமணிக்கு மறுநாள் நிம்மதியாக விடிந்திருக்கும்.

மதுரையில் காமராஜர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர்கள் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். மாமனார் சீதாராமன், மூத்த பிள்ளை கிரிதரன், இளையவன் சாய்குமார் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். கிரிதரனின் மனைவி மக்கள் மட்டும் நவராத்திரிக்குப் பரமக்குடி போயிருந்தார்கள். வீட்டுக்குள் இவர்கள் பேசிக்கொள்வது சௌராஷ்டிரத்தில்; படிக்கிறவர்கள் திண்டாடக் கூடாது என்று இங்கே எல்லாம் தமிழில் வருகிறது.

தெருவைப் பார்த்த முன்னறையில் பல வருஷமாக வாடகைக்கு இருந்த தையல்காரர் புரட்டாசியில் காலி செய்தார். அறை காலியான மறுநாளே அதற்கு இரண்டு பேர் துண்டு போட்டார்கள். ஒருவர் கிரிதரன். சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் அவருடையது. தீபாவளிச் சரக்கு வந்து இறங்க இடம் வேண்டும். இன்னொருத்தி நாகமணி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே யாரோ ஒருவரின் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தி, பலகையில் யாரோ ஒருவரின் பெயரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருந்தாள். தனக்கென்று ஒரு வகுப்பு வேண்டும், அதுவும் இந்த அறையில் வேண்டும் என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். இரண்டாவது மருமகள் அப்படிக் கேட்டது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

சீதாராமன் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். விஜயதசமி வெள்ளிக்கிழமை வருகிறது. அன்று பத்தரைக்கு ராகு காலம் பிறக்குமுன் அந்த அறையில் கம்ப்யூட்டரில் ஒரு பிள்ளையாவது அட்சரம் போட்டுவிட்டால் அறை சின்னவளுக்கு. இல்லாவிட்டால் சேலை மூட்டைக்கு. வித்தை தொடங்க அதைவிட நல்ல நாள் வராது, அன்றைக்கே தொடங்க முடியாதவள் பிறகு எங்கே தொடங்கப் போகிறாள் என்பது அவர் கணக்கு. கிரிதரன் மறுபேச்சுப் பேசவில்லை. சரக்கு வண்டியை மட்டும் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு வரச் சொல்லி வைத்தார். வியாபாரி அல்லவா.

சாய்குமார் கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறான். அங்கே கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துத்தான் கொடுத்திருந்தார்கள். அதனால் என்ன, நாகமணியிடம் லினக்ஸ் சிடி இருந்தது. காப்பியடித்த சாஃப்ட்வேரில் பாடம் நடத்தினால் அந்தப் படிப்பு விளங்காது என்பது அவள் பிடிவாதம். அன்று ராத்திரியே லினக்ஸைப் போட்டுவிடுகிறேன் என்றாள். மாமனார் விடவில்லை. புதுச் சாமானைப் பூஜையில் வைத்து எடுக்காமல் வேலை வாங்கக் கூடாது என்றார். அவரிடம் போய் வாதாட முடியுமா?

மறுநாள் பூஜை. சந்தனம் வைக்கும் பொறுப்பு வழக்கம்போல் சாய்குமாருக்கு. கத்தரிக்கோல், தராசு, கிரிதரனின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு மனைவியின் கம்ப்யூட்டருக்கு வந்தான். மானிட்டருக்கு மூன்று பொட்டு, கீபோர்டுக்கு ஒன்று, மௌஸுக்கு ஒன்று. பக்கத்தில் புத்தகங்களின் மேல் லினக்ஸ் சிடி இருந்தது. எழுத்து அச்சடித்த பக்கம் முதுகு, பளபளக்கிற பக்கம்தான் முகம் என்று அவனாகவே முடிவு செய்தான். முகத்தில் சந்தனத்தைக் குழைத்து வஞ்சனையில்லாமல் பூசி, குங்குமமும் வைத்து, மேலே சாமந்திப் பூவை உதிர்த்துவிட்டான். பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியாமல் யாரும் தொடமாட்டார்கள். ஆகவே யாரும் பார்க்கவில்லை. சந்தனம் ராத்திரி முழுக்க நிதானமாகக் காய்ந்தது.

வெள்ளிக்கிழமை விடியலில் மறுபூஜை முடிந்து பூவை விலக்கியபோதுதான் நாகமணி பார்த்தாள். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு சிடியை டிரைவுக்குள் தள்ளினாள். உள்ளே மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. நடு ஓட்டையைச் சுற்றி ஒட்டியிருந்த சந்தனப் பொடி டிரைவின் கண்ணாடியில் போய் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் பாட்டு சிடியைப் போட்டாலும் டிரைவ் திரும்பிப் பார்க்கவில்லை.

“சாமிக்குப் பூசுனது, கெட்டாப் போயிரும்?” என்றான் சாய்குமார்.

நாகமணி சிடியை வெளியே எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் தானாகவே காப்பி போடப் போய்விட்டான்.

இனி யாரிடமாவது போய் ஒரு டிரைவோ சிடியோ வாங்க வேண்டும். போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பிரவுசிங் சென்டர்காரர் கம்ப்யூட்டருக்கெல்லாம் மாலை போட்டிருப்பதாகவும் மதியத்துக்கு மேல்தான் தொடுவதாகவும் சொன்னார். பழைய சென்டர் முதலாளி வீட்டில் யாரும் எடுக்கவில்லை. சாமான் விற்கிற கடைகள் ஒன்றும் திறக்கவில்லை. மதுரையில் கம்ப்யூட்டர் என்று இருந்ததெல்லாம் அன்று காலை பொட்டு வைத்துக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. கிரிதரன் முற்றத்தில் நின்று பல் தேய்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு ஆன்மேரியின் நினைவு வந்தது. கல்லூரித் தோழி, இப்போது மிஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அப்பா லாசரோடு ஆற்றுக்கு அக்கரையில் ஆனையூரில் இருக்கிறாள். அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் கிடையாது, ஓய்வும் கிடையாது.

நடந்ததைக் கேட்டு ஆன்மேரி போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, தன் லினக்ஸ் சிடியை உசிலம்பட்டி வாத்தியார் ஒருவர் வாங்கிக்கொண்டு போனதைச் சொன்னாள். இரவல் கொடுத்த புத்தகமும் புருஷன் வாங்கிப் போன குடையும் திரும்பி வந்த சரித்திரம் உண்டா? ஆனால் கொடுப்பதற்கு முன் சிடி முழுவதையும் அப்படியே ஒரு ஃபைலாகத் தன் கம்ப்யூட்டரில் நகலெடுத்து வைத்திருந்தாள்.

“சிடி எதுக்குடி? உன் ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி இங்க கொண்டா. என் மெஷின்ல மாட்டி, இந்த ஃபைல வச்சே லினக்ஸப் போட்டுருவோம். திரும்பக் கொண்டுபோயி மாட்டிக்க” என்றாள்.

ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்தவர் அந்த வீட்டில் கிரிதரன் ஒருவர்தான். மூத்தாரோடு நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கமே அங்கு கிடையாது. நாகமணியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லுவார். அவரிடம் போய், அவருக்குக் கிடைக்கப்போகும் அறையை அவருக்குக் கிடைக்காமல் செய்வதற்கு வண்டி எடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அவள் கேட்கவில்லை. கிரிதரன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தம்பியைப் பார்த்து, தனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருப்பதாகச் சொன்னார். விஜயதசமியன்று ஆனையூரில் சேலை வியாபாரிக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

கழற்றிய டிஸ்க்கை நாகமணி ஒரு சுங்குடித் துண்டில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டாள். ஏ.வி. பாலத்தைத் தாண்டி, கோரிப்பாளையம், செல்லூர், குலமங்கலம் ரோடு என்று வண்டி போயிற்று. அதிர்ந்தால் டிஸ்க் கெட்டுவிடும் என்று கிளம்பும்போது சாய்குமாரிடம் அவள் சொன்னது கிரிதரன் காதில் விழுந்திருக்கிறது. வேகத்தடை வரும்போதெல்லாம் முட்டைக்கூடை ஏற்றியவர் போல வண்டியை உருட்டினார்.

ஆனையூரில் ஆன்மேரி கம்ப்யூட்டரின் பக்கப் பலகையைத் திறந்து வைத்துத் தயாராக இருந்தாள். டிஸ்க்கை மாட்டி ஆன் செய்தால் திரையில் ஒன்றும் வரவில்லை. டிஸ்க் இரண்டும் நானே மூத்தவன் என்று நின்றன. டிஸ்க்கின் பின்னால் ஊசிகளின் மேல் கடுகளவில் ஒரு தொப்பி இருக்கும். அதை இடம் மாற்றினால்தான் இது இரண்டாவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். நாகமணி இழுத்த இழுப்பில் தொப்பி தரையில் விழுந்து காணாமல் போனது. மூன்று பேரும் தரையைத் தடவினார்கள். நாற்காலிக் காலடியிலிருந்து அதைத் தேடி எடுத்தவர் கிரிதரன்.

“இம்புட்டுச் சாமானுக்கு இம்புட்டுப் பவரா?” என்று அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

பிறகு வேலை ஓடியது. எந்த டிஸ்க்கில் போடுவது என்று திரை கேட்டபோது மட்டும் ஆன்மேரி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். தப்பானதைச் சொன்னால் அவளுடைய டிஸ்க் துடைபடும். பரீட்சைக் கேள்வித்தாளெல்லாம் அதில் இருந்தது. நாகமணி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, மறுபடி படித்துப் பார்த்துத் தட்டினாள். படம் காட்டுகிற அலங்காரமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு எழுத்து மட்டும் வந்தால் போதும் என்று முடிவு செய்துகொண்டார்கள். லாசர் எல்லோருக்கும் டீ கொடுத்தார். கிரிதரன் டீயை ஆறவிட்டு, திரையில் வரிவரியாக ஓடியதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர்கள் வீடு திரும்பும்போது அட்சரம் போட நாகமணி வரச் சொல்லியிருந்த பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். புதுச்சட்டையும் நெற்றியில் திருநீறுமாக, அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கூடவே அம்மாமார். நாகமணி எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே ஓடி, தொப்பியைப் பழைய இடத்துக்கே மாற்றி, டிஸ்க்கை மாட்டினாள். சிரித்ததுதான் மிச்சம். குறிப்பிட்ட டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிட்டுத் திரை நின்றது.

போன் இருந்தது பின்கட்டுக் கூடத்தில், கம்ப்யூட்டர் இருந்தது முன்னறையில். சாய்குமார் போனைப் பிடித்தான். அண்ணன் அவனிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். நாகமணி திரையில் இருந்ததைக் கத்திச் சொல்ல, கிரிதரன் ஒரு எழுத்துப் பிசகாமல் ஆன்மேரிக்கு ஒப்பித்தார். ஆயிரம் சேலையின் நம்பரை மனப்பாடமாகச் சொல்லுகிற வாய் அது. ஆன்மேரி விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

“அண்ணே, அவகிட்டச் சொல்லுங்க. எங்க வீட்டுல அந்த டிஸ்க்கு ரெண்டாவது மருமக. அங்க அது ஒண்ணே ஒண்ணுதான், அதான் மூத்தது. அதுக்கு இன்னும் அது தெரியல. மெஷின் தொடங்குறப்ப வர்ற வரியில ரெண்டாவதுன்னு எழுதியிருக்குறத முதல்னு மாத்தச் சொல்லுங்க.”

கிரிதரன் சற்றுத் தயங்கினார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு முன்னறைப் பக்கம் திரும்பி, “ரெண்டாவதுன்னு இருக்குறத முதல்னு மாத்தணுமாம்மா” என்று நேராக நாகமணியிடமே சொன்னார்.

அவள் மாற்றினாள். இந்தத் தடவை திரையில் எழுத்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. வாசலில் பிள்ளைகள் ஓவென்று கத்தின. கொட்டிய எழுத்து ஓரிடத்தில் வந்து அப்படியே உறைந்தது. பிள்ளைகளும் அடங்கின.

அதற்குள் சோணையம்மாள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். எதிர் வீட்டுக்காரி, இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்திருந்தாள். நேரம் போகிறது, அடுத்த தெருவில் ஒரு சென்டரில் இப்போதுதான் மாலையைக் கழற்றி மெஷினை ஓட்டத் தொடங்கியிருக்கிறார்களாம், நல்ல நேரத்தைத் தவற விடக்கூடாது பார் என்று வருத்தத்தோடுதான் சொன்னாள். அவள் நகர்ந்ததும் மற்றவர்களும் நகர்ந்தார்கள். அம்மாமாரைக் குற்றம் சொல்ல முடியாது; பிள்ளை படிப்பு விஷயத்தில் ராகு காலத்தோடு யார் விளையாடுவார்கள்? தெரு காலியாவதை நாகமணி கதவு வழியாகப் பார்த்தாள். எழுந்து போய்க் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்றிருந்தது. எழுந்தால் இந்த வேலை நின்றுவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கே திரும்பினாள்.

“இன்னொரு எடத்துலயும் அப்படி எழுதியிருக்கும், அதையும் மாத்தணுமாம்” என்று கூடத்திலிருந்து கிரிதரன் குரல் வந்தது. போன் வயர் எட்டுகிற தூரம் வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டிருந்தார். “கீழ, அதே வரிக்கு அடுத்த வரியில பாரும்மா.”

மெஷினை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள்; அடுத்த வரியில் இருந்தது. மாற்றினாள். எழுத்து மறுபடி கொட்டியது, உறைந்த இடத்தைத் தாண்டியது, ஓடியது, கடைசியில் கறுப்புத் திரையில் யார் நீ என்று கேட்டுக்கொண்டு ஒரு சின்னக் கோடு மினுங்கி மினுங்கி நின்றது.

லினக்ஸ் வந்துவிட்டது. அறையில் பிள்ளைதான் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சீதாராமன் வந்து வாசற்படியில் நின்று, திரையைப் பார்த்தார், காலி நாற்காலியைப் பார்த்தார். மருமகள் பட்டபாடு அவருக்குத் தெரியாதா என்ன, ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான்.

சாய்குமார் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தான். தானே முதல் மாணவன் என்று அறிவித்தான்.

“எந்திரிடா” என்றார் சீதாராமன். “கத்துக்கணும்னு ஆசைப்பட்டு ஒரு ஆள் உக்காரணும். நீ பொண்டாட்டிக்குப் பயந்து உக்காந்திருக்க.”

நியாயந்தான். சாய்குமார் எழுந்தான். நாகமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இம்புட்டுத் தூரம் வந்து இந்த இடத்தில் தோற்பதா என்று நினைத்தாள். தோற்றாலும் மெஷினை ஓட வைத்துவிட்டோம் என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்பு முதலாவதை ஆற்றவில்லை.

கூடத்தில் போனை வைக்கிற சத்தம் கேட்டது. கிரிதரன் உள்ளே வந்தார். பூஜைத் தட்டிலிருந்து வெற்றிலை, பாக்கு, ஒரு ரூபாய் நாணயம் மூன்றையும் எடுத்துவந்து கீபோர்டின் பக்கத்தில் வைத்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீ எதுக்கு உக்கார்ற?” என்றார் சீதாராமன். “மதியம் சரக்கு வருதுல்ல?”

“வரட்டும்ப்பா. விடிஞ்சதுலருந்து இது பின்னாடியே ஆத்தத் தாண்டிப் போயிட்டு வந்திருக்கேன். அந்தப் பிள்ள அங்கருந்து போன்ல சொல்லுது, இங்க இது எந்திரிக்குது. உள்ள என்னதான் இருக்குன்னு பாக்காமப் போனா எனக்குச் சோறு எறங்காது.” அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “ஆசைப்பட்டுத்தான் உக்காந்திருக்கேன். செல்லுமா, செல்லாதா?”

சீதாராமன் கடிகாரத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதுப் பிள்ளை. பிள்ளை பிள்ளைதானே. செல்லும் என்று தலையாட்டினார்.

நாகமணி அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். கம்ப்யூட்டருக்குள் அவர் பெயரில் ஓர் இடம் உண்டாக்கிக் கொடுத்தாள். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டினாள். கிரிதரன் ஒற்றை விரலால், கோழி பொறுக்குகிற மாதிரி தேடித் தேடித் தன் பெயரை அடித்தார். பெரிய பொத்தானைத் தட்டச் சொன்னாள். தட்டினார். உன் பெயரில் அப்படி ஒரு கட்டளை இங்கே கிடையாது என்று லினக்ஸ் முகத்திலடித்த மாதிரி பதில் சொன்னது. நாகமணி அதைத் தமிழில் சொன்னதும் கிரிதரன் வயிறு குலுங்கச் சிரித்தார். வீடே சிரித்தது. சாய்குமார்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். பிழைத்தோம் என்ற சிரிப்பு.

ராகு காலம் பிறந்த பிறகும் கிரிதரன் எழுந்திருக்கவில்லை. தேதி கேட்கச் சொல்லித் தந்தாள், கேட்டார். மாசக் காலண்டரைக் காட்டச் சொல்லித் தந்தாள், காட்டவைத்துத் தீபாவளி எந்தக் கிழமை என்று விரலால் தொட்டுப் பார்த்தார். தெருவில் லோடு ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் சுருளி, மூட்டையை முன்னறையில்தானே இறக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே படியேறினான்.

“மாடிக்குக் கொண்டுபோ சுருளி” என்றார் கிரிதரன், திரும்பாமலே. “இது கிளாஸ் ரூமு. செருப்ப வெளிய விடு.”

பிறகுதான் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தம்பியைத் தேடாமல், இத்தனை வருஷத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டிராத தம்பி மனைவியை நேருக்கு நேராகப் பார்த்துக் கேட்டார்.

“நாளைக்கு எத்தன மணிக்கு வரணும் டீச்சர்?”

நாகமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அதை மறைக்கவுமில்லை.

“ஏழு மணிக்கு” என்றாள். “லேட்டா வந்தா வெளிய நிக்கணும்.”